துடுப்புப் போட்டவங்களும் ஓட்டுப் போட்டவங்களும்

ஏதென்ஸ்ல ஜனநாயகம் எப்படி உருவாச்சுன்னு யாராவது கேட்டா நான் கப்பல்ல இருந்துதான் ஆரம்பிப்பேன். பாடப்புத்தகத்துல சோலோன் வருவாரு, கிளைஸ்தனிஸ் வருவாரு, பெரிக்ளிஸ் வருவாரு, சட்டம் சீர்திருத்தம்னு வரிசையா போகும், எல்லாம் சரிதான், ஆனா சொத்துபத்து ஒண்ணும் இல்லாத ஒரு கூலிக்காரன் பேச்சுக்கு ஊரே எதுக்காக காது குடுக்கணும்ங்கற கேள்விக்கு அந்த வரிசைல எனக்கு முழுசா பதில் கிடைச்சதே இல்ல. அந்தப் பதில் ட்ரைரீம்ங்கற போர்க்கப்பலோட அடித்தட்டுல இருக்குன்னு நான் நம்பறேன்.

கொஞ்சம் பின்னாடி போயிடலாம். கிரேக்க நகரங்கள்ல சண்டைன்னா முதல்ல நிலத்துச் சண்டைதான். ஹாப்லைட்னு சொல்ற காலாள் வீரன் கிட்டத்தட்ட 90 செ.மீ. விட்டத்துல ஒரு வட்டக் கேடயம், ஈட்டி, தலைக்கவசம் எல்லாம் வச்சுக்கிட்டு பக்கத்து ஆளோட தோளோடு தோள் உரசி வரிசைல நிப்பான். இந்தச் சாமான் எதையும் அரசாங்கம் குடுக்காது, அவனே சொந்தக் காசுல வாங்கணும். அப்போ நிலம் கொஞ்சமாவது வச்சிருக்கறவன்தான் போர்வீரன், போர்வீரனா இருக்கறவனுக்குத்தான் ஊர் விஷயத்துல பேச உரிமை. கி.மு. 594ல சோலோன் குடிமக்களை விளைச்சல் அளவை வச்சு 4 வகுப்பா பிரிச்சப்போ கடைசில இருந்த தெத்தெஸ், அதாவது நிலம் இல்லாத ஏழைங்க, சபைக்கு வரலாம், நீதிமன்றத்துல உக்காரலாம், பதவிக்கு மட்டும் வர முடியாது. குதிரைப்படை முக்கியமா இருக்கற ஊர்ல சில பேர் ஆட்சி, ஹாப்லைட் படை இருக்கற ஊர்ல நடுத்தர ஆளுங்க ஆட்சி, கப்பல் படை இருக்கற ஊர்ல ஏழைங்க ஆட்சின்னு அரிஸ்டாட்டில் பிற்பாடு எழுதி வச்சிருக்காரு, அவருக்கு அந்தக் கடைசி வகை அவ்வளவா பிடிக்காதுங்கறது வேற விஷயம்.

கப்பல் வந்த கதை வெள்ளில இருந்து ஆரம்பிக்குது. கி.மு. 483 வாக்குல ஏதென்ஸுக்குத் தெற்கே லாரியான் சுரங்கத்துல பெரிய வெள்ளிப் படிவம் ஒண்ணு கிடைக்குது. அந்தக் காசை ஆளுக்கு 10 டிராக்மா (வெள்ளி நாணயம்) வீதம் பங்கு போட்டுக் குடுக்கறதாத்தான் பேச்சு இருந்துச்சுன்னு அந்தக் கால வரலாற்று ஆசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்றாரு. அரசியல் தலைவர் தெமிஸ்டாக்ளிஸ் எழுந்து வேண்டாம், பங்கு போடாதீங்க, கப்பல் கட்டுவோம்னு சொல்லி பக்கத்துத் தீவு ஏஜினாவோட இருந்த சண்டையைக் காரணம் காட்டி சபையை சம்மதிக்க வச்சாரு. கைக்கு வர இருந்த காசை வேண்டாம்னு மக்களே கை தூக்கி ஓட்டுப் போட்டாங்கங்கறது எனக்கு இப்பவும் ஆச்சரியமாத்தான் இருக்கு. 3 வருஷம் கழிச்சு, கி.மு. 480ல, பாரசீகப் படை வந்து ஏதென்ஸையே கொளுத்தினப்போ ஊரைக் காலி பண்ணிட்டு அந்தக் கப்பல்கள்ல ஏறினவங்கதான் சலாமிஸ் ஜலசந்தில ஜெயிச்சாங்க. அந்த வெள்ளியைத் தோண்டினவங்க அடிமைங்க, அதை இங்கயே சொல்லிடறேன், ஏன்னா இந்தக் கதை எங்க சுத்தினாலும் அவங்ககிட்டதான் திரும்பி வரும்.

இப்போ கப்பலைக் கிட்டப் போய்ப் பாக்கலாம். ட்ரைரீம் கிட்டத்தட்ட 37 மீட்டர் நீளம், ரொம்ப ஒல்லி, முன்னாடி தண்ணி மட்டத்துல வெண்கல மூக்கு, எதிரிக் கப்பலோட விலாவுல போய் மோதி ஓட்டை போடறதுக்கு. மொத்தம் 200 பேர், அதுல 170 பேர் துடுப்புப் போடறவங்க, 3 அடுக்கா உக்காருவாங்க, மேல் அடுக்குல 62, நடுவுல 54, கீழ 54. கீழ் அடுக்குல இருக்கறவனுக்கு கடலே தெரியாது, அவன் துடுப்பு வெளிய போற ஓட்டை தண்ணிக்கு ரொம்பக் கிட்ட இருக்கும், அலை உள்ள வராம இருக்க தோல் உறை கட்டியிருப்பாங்க, அவன் தலைக்கு மேல இன்னொருத்தன் உக்காந்து வியர்வை சொட்டச் சொட்ட இழுத்துக்கிட்டு இருப்பான். ஆளுக்கு ஒரு துடுப்பு, ஒரு மெத்தை, துடுப்பைக் கட்டற ஒரு தோல் வார். ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் நடந்த நீளமான போர்ல, கி.மு. 429ல, ஸ்பார்ட்டா பக்கத்து மாலுமிங்க ஏதென்ஸ் துறைமுகத்தைத் திடீர்னு தாக்கலாம்னு கொரிந்த்ல இருந்து மெகாரா துறைமுகத்துக்குத் தரை வழியா நடந்து போனப்போ ஒவ்வொருத்தனும் தூக்கிட்டுப் போன சாமான் இந்த மூணும்தான்னு அந்தப் போரோட வரலாற்றை எழுதின துசிடிடீஸ் சொல்றாரு. மெத்தையையும் விடாமக் குறிச்சு வச்சிருக்காரு பாருங்க, அந்த ஒரு வரிக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

1987ல ஒலிம்பியாஸ்னு இந்தக் கப்பலை மறுபடியும் கட்டி கடல்ல விட்டாங்க. தன்னார்வலர்கள் உக்காந்து இழுத்துப் பாத்தப்போ 170 துடுப்பும் ஒரே நேரத்துல தண்ணில இறங்கி ஒரே நேரத்துல ஏறணும்ங்கறது எவ்வளவு கஷ்டம்னு தெரிஞ்சுது, ஒருத்தன் தப்பினாலும் அடுத்தவன் துடுப்புல இடிக்கும். தேர் இழுக்கும்போது வடம் பிடிக்கற எல்லாரும் ஒரே குரலுக்கு ஒரே மூச்சா இழுத்தாத்தான் தேர் நகரும்ல, அந்த மாதிரி, என்ன, இங்க நாள் முழுக்க நிக்காம இழுக்கணும். தாளம் சொல்ல ஒருத்தன், குழல் ஊத ஒருத்தன், பின்னாடி சுக்கான் பிடிக்கறவன். உடம்பு பலம் மட்டும் இருந்தா போதாது, வருஷக்கணக்குல பழகின தொழில் இது. இந்தத் தொழில் கையில இருந்தது நிலம் இல்லாத ஏழைங்ககிட்ட, வெளியூர்ல இருந்து வந்து குடியேறினவங்ககிட்ட, கூலிக்கு வந்தவங்ககிட்ட, அப்புறம் அடிமைங்ககிட்ட. கப்பல் ஆளுங்க பேரைக் கல்லுல வெட்டின பட்டியல் ஒண்ணு ஏதென்ஸ்ல கிடைச்சிருக்கு, அதுல குடிமகன் தனியா, வெளியூர்க்காரன் தனியா, அடிமை தனியா, அடிமை பேருக்குப் பக்கத்துல அவனோட எஜமான் பேருன்னு இருக்கு. ஒரே பலகைல உக்காந்து ஒரே தாளத்துக்கு இழுத்தவங்க.

செலவு எப்படின்னா, கப்பல் அரசாங்கத்தோடது, அதை ஒரு வருஷம் பராமரிக்கற செலவு பணக்காரன் ஒருத்தன் தலைல. பேரும் புகழும் கிடைக்கும்னு சில பேர் போட்டி போட்டு செலவு பண்ணாங்க, சில பேர் தப்பிக்க வழி தேடினாங்க. அதே போர்ல ஏதென்ஸ் சிசிலித் தீவு மேல படையெடுத்த சமயத்துல மாலுமிக்குக் கூலி நாளுக்கு ஒரு டிராக்மா, அப்படின்னா ஒரு கப்பலுக்கு மாசம் 6000 டிராக்மா, சரியா ஒரு டேலன்ட் வெள்ளி. அதே காலகட்டத்துல அக்ரோபோலிஸ் மேல எரெக்தியான் கோயில் கட்டின கல்தச்சனுக்கும் நாள் கூலி ஒரு டிராக்மாதான். இந்தக் காசு எங்க இருந்து வந்துச்சு? ஈஜியன் கடல்ல ஏதென்ஸுக்கு அடங்கி இருந்த தீவுகளும் ஊர்களும் கட்டின கப்பத்துல இருந்து. அதையும் மறைக்கக் கூடாது, ஏதென்ஸ் ஏழைக்கு உள்ளூர்ல கிடைச்ச உரிமைக்கு வெளியூர்க்காரன் பணம் கட்டினான், கட்டாதவன் ஊருக்கு அதே கப்பல் போச்சு.

அந்தக் காலத்துல எழுதின ஒரு சின்ன அரசியல் கட்டுரை இருக்கு, எழுதினது யாருன்னு பேர் கிடைக்கல, ஜனநாயகத்தை வெறுக்கற ஒரு பணக்காரன்னு மட்டும் படிக்கும்போதே தெரியும். அவனே ஒத்துக்கறான், இந்த ஊர்ல ஏழைக்கு அதிகாரம் அதிகமா இருக்கறது நியாயம்தான், ஏன்னா கப்பலை ஓட்டறவன் அவன், ஊருக்கு பலம் குடுக்கறவன் அவன்னு. விரோதி வாயால வந்த இந்த சாட்சிக்கு மேல எனக்கு வேற சாட்சி தேவைப்படல.

ஓட்டும் துடுப்பும் எவ்வளவு நெருக்கம்னு பாக்கணும்னா கி.மு. 427க்குப் போகணும். லெஸ்பாஸ் தீவுல இருக்கற மைட்டிலினி ஊர் ஏதென்ஸுக்கு எதிரா எழும்பி தோத்துப் போயிருந்துச்சு. பினிக்ஸ் மேட்டுல சபை கூடி, கோவத்துல, அந்த ஊர் ஆம்பளைங்க எல்லாரையும் கொன்னுடுங்க, பொம்பளைங்களையும் குழந்தைங்களையும் அடிமையா வித்துடுங்கன்னு ஓட்டுப் போட்டு அன்னைக்கே ஒரு கப்பலை அனுப்பிட்டாங்க. மறுநாள் ஊருக்கே மனசு உறுத்துது, திரும்பவும் சபை கூடுது, கிளியோன் தீர்ப்பை மாத்தக் கூடாதுன்னு கத்தறாரு, டயோடோட்டஸ் மாத்தணும்னு வாதாடறாரு, கை தூக்கினது ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமம், கொஞ்சமே கொஞ்சம் வித்தியாசத்துல டயோடோட்டஸ் ஜெயிச்சாரு. ஆனா முதல் கப்பல் கிளம்பி ஒரு பகல் ஒரு ராத்திரி ஆயிடுச்சே. ரெண்டாவது கப்பல் விட்டாங்க, கிட்டத்தட்ட 340 கிலோமீட்டர் கடல். வழக்கமா ட்ரைரீம் கரை ஒதுங்கி சமைச்சு சாப்பிட்டு ராத்திரி தூங்கிட்டுத்தான் போகும். இவங்க ஒதுங்கவே இல்ல, பார்லி மாவை ஒயினும் எண்ணெயும் விட்டுப் பிசைஞ்சு துடுப்புப் போட்டுக்கிட்டே தின்னாங்க, பாதிப் பேர் தூங்க பாதிப் பேர் இழுத்தாங்க. முதல் கப்பல்ல போனவங்களுக்கு அந்தக் கொடூர வேலைக்கு அவசரமாப் போக மனசு வரல, மெதுவாத்தான் போனாங்கன்னு துசிடிடீஸ் சொல்றாரு. அங்க தளபதி பாக்கெஸ் உத்தரவைப் படிச்சு முடிச்சு நிறைவேத்தப் போற நேரத்துல ரெண்டாவது கப்பல் துறைமுகத்துக்குள்ள வந்துடுச்சு. ஊர் பிழைச்சுது, ஆனா கலகத்துக்குத் தலைமை தாங்கினவங்கன்னு பிடிச்சவங்களைக் கொன்னாங்க, அதை இரக்கம்னு முழுசா சொல்லிட முடியாது.

இதே நேரம் ஸ்பார்ட்டால என்ன நடந்துச்சுன்னு ஒரு வார்த்தை. அங்க நிலத்துல உழைச்சதெல்லாம் ஹெலட்டுங்க, அதாவது ஸ்பார்ட்டாவுக்கு அடிமைப்பட்ட உழவருங்க, ஸ்பார்ட்டாக்காரன் போர்ப் பயிற்சி மட்டும். ஹெலட்டுங்களும் போருக்குப் போனாங்க, கி.மு. 479ல பிளாட்டியா சண்டைல ஒரு ஸ்பார்ட்டா வீரனுக்கு 7 ஹெலட் வீதம் வந்தாங்கன்னு ஹெரோடோட்டஸ் கணக்கு. ஒரு தடவை, போர்ல நல்லா சண்டை போட்டோம்னு நினைக்கற ஹெலட்டுங்க முன்னாடி வாங்க, விடுதலை தர்றோம்னு அறிவிச்சாங்க. 2000 பேரைத் தேர்ந்தெடுத்து, மாலை போட்டு, கோயில் கோயிலா சுத்தி வர விட்டாங்க. கொஞ்ச நாள்ல அந்த 2000 பேரும் காணாமப் போயிட்டாங்க, எப்படிச் செத்தாங்கன்னு யாருக்கும் தெரியல. உரிமை கேக்கற தைரியம் இருக்கறவன் யாருன்னு கண்டுபிடிக்கறதுக்காகத்தான் அந்த அறிவிப்பே. படிச்ச அன்னைக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரல.

அதனாலதான் கி.மு. 406 எனக்கு முக்கியம். நண்பர்கள்கிட்ட பேசும்போது ஏதென்ஸ் ஜனநாயகம்னாலே அர்ஜினூசை விசாரணையைத் தூக்கிப் போடுவாங்க, பாத்தியா கும்பல் கையில அதிகாரம் குடுத்தா இப்படித்தான்னு. நான் இதை வேற மாதிரி படிக்கறேன்.

ஸ்பார்ட்டாவோட போர் ஆரம்பிச்சு 25 வருஷம் ஓடிடுச்சு, சிசிலில படையே அழிஞ்சு போயாச்சு, தளபதி கோனானும் மிச்சக் கப்பல்களும் மைட்டிலினில முற்றுகைல மாட்டிக்கிட்டாங்க. ஏதென்ஸ்ல காசு இல்ல, கோயில்ல இருந்த தங்கச் சிலைகளை உருக்கி நாணயம் அடிச்சாங்க. 30 நாள்ல 110 கப்பலைக் கிளப்பினாங்க. ஆள்? வயசு வந்த எல்லாரும் ஏறுங்க, அடிமையும் ஏறலாம்னு தீர்மானம். குதிரை வச்சிருக்கற பணக்கார வீட்டுப் பையன்களும் பலகைல உக்காந்தாங்க. துடுப்புப் போட்ட அடிமைங்களுக்கு விடுதலை, முன்னாடி பிளாட்டியா ஊர் அகதிகளுக்குக் குடுத்த மாதிரி குடியுரிமையும். கூட்டாளி ஊர்க் கப்பலும் சேந்து 150க்கு மேல ஆச்சு, லெஸ்பாஸுக்கும் ஆசியா மைனர் கரைக்கும் நடுவுல இருக்கற அர்ஜினூசை தீவுகள்கிட்ட ஸ்பார்ட்டா கடற்படையோட 120 கப்பலை எதிர்த்து நின்னு ஜெயிச்சாங்க. எதிரிக்கு 70 கப்பல் கிட்ட போச்சு, அவங்க தளபதி காலிக்ராடிதாஸ் கடல்ல விழுந்து செத்தாரு.

ஏதென்ஸுக்குப் போனது 25 கப்பல். கப்பலுக்கு 200 பேர்னா 5000 பேர், அதுல கொஞ்சப் பேர் கரை சேந்தாங்க. ட்ரைரீம் மரம், ஓட்டை விழுந்தாலும் உடனே அடியில போயிடாது, பாதி முங்கி மிதக்கும், ஆளுங்க அதைப் பிடிச்சுக்கிட்டு தண்ணில கிடப்பாங்க. தளபதிங்க எதிரியோட மிச்சக் கப்பல்களை நோக்கிப் போக முடிவு பண்ணி, கப்பல் தலைவர்களா இருந்த தெரமெனிஸும் த்ராசிபுலஸும் 47 கப்பலோட போய் ஆளுங்களை மீட்கணும்னு ஏற்பாடு பண்ணாங்க. புயல் வந்துச்சு, யாரும் போகல.

ஊர் திரும்பின 6 தளபதிங்களை சபை விசாரிச்சுது. அதுல ஒருத்தர் பெரிக்ளிஸோட மகன், அவர் பேரும் பெரிக்ளிஸ்தான். முதல் நாள் அவங்க புயலைச் சொன்னாங்க, சுக்கான் பிடிச்சவங்களை சாட்சிக்கு நிறுத்தினாங்க, சபை நம்பற மாதிரித்தான் இருந்துச்சு, ஜாமீன் போட பல பேர் எழுந்தாங்க. ஆனா இருட்டிடுச்சு, தூக்கின கையை எண்ண முடியாதுன்னு ஒத்தி வச்சாங்க. நடுவுல அபட்டூரியா திருவிழா வந்துடுச்சு, குடும்பம் குடும்பமா சொந்தபந்தம் ஒண்ணு சேர்ற விழா. அந்த வருஷம் ஒவ்வொரு வீட்டுலயும் எந்த இடம் காலியா இருக்குன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். அடுத்த கூட்டத்துக்குத் தலையை மழிச்சு கருப்பு உடுத்தி நிறைய பேர் வந்தாங்க. அதெல்லாம் தெரமெனிஸ் ஏற்பாடு பண்ண கூட்டம்னு வரலாற்று ஆசிரியர் செனஃபோன் எழுதறாரு, எனக்கு அதை அப்படியே ஏத்துக்க முடியல, ஆயிரக்கணக்குல செத்த ஊர்ல துக்கத்துக்கு ஆள் பிடிக்க வேண்டியதில்ல. ஒருத்தன் எழுந்து, மாவுத் தொட்டியைப் பிடிச்சு மிதந்து நான் தப்பிச்சேன், கூட மூழ்கிக்கிட்டு இருந்தவங்க நீ தப்பிச்சா ஊர்ல போய் சொல்லு, ஊருக்காக நல்லா சண்டை போட்டவங்களைத் தளபதிங்க விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு சொல்லுன்னு சொன்னாங்கன்னான்.

கும்பல்னு சொல்றவங்க இந்த மனுஷனைத் தாண்டிப் போயிடறாங்க. கிரேக்க உலகத்துல வேற எந்த ஊர்ல கப்பல் அடித்தட்டுல கிடந்தவன் சார்பா ஒருத்தன் எழுந்து, ஜெயிச்ச தளபதியைப் பாத்து எங்க ஆளுங்களை ஏன்டா விட்டுட்டு வந்தேன்னு கேக்க முடியும்? அந்தக் கோவத்துக்கு நியாயம் இருந்துச்சு, அதை நான் விட்டுக் குடுக்க மாட்டேன்.

ஆனா அதுக்கு அப்புறம் நடந்தது அநியாயம், அதுலயும் எனக்கு சந்தேகம் இல்ல. காலிக்ஸீனஸ்னு ஒருத்தர் கொண்டு வந்த தீர்மானம், தனித்தனி விசாரணை கிடையாது, ஒரே ஓட்டு, எல்லாருக்கும் சேத்து. குலத்துக்கு 2 ஜாடி, குத்தவாளின்னா முதல் ஜாடில போடு, இல்லன்னா ரெண்டாவதுல. யூரிப்டோலெமஸ் எழுந்து இது சட்ட விரோதம்னு மறிச்சாரு. ஏதென்ஸ்ல அதுக்கு வழி இருந்துச்சு, சட்டத்துக்கு விரோதமா தீர்மானம் கொண்டு வந்தவர் மேலயே கேஸ் போடலாம், கேஸ் முடியற வரைக்கும் தீர்மானம் நிறுத்தி வைக்கப்படும். கூட்டம் கத்துச்சு, மக்கள் நினைச்சதைச் செய்ய விடாம தடுக்கறதான்னு, கேஸ் போடறவங்களையும் அதே ஓட்டுல சேருங்கன்னு ஒருத்தர் சொல்ல அவங்க பயந்து வாபஸ் வாங்கிட்டாங்க. அன்னைக்கு சபையை நடத்தற குழுல குலுக்கல்ல வந்து உக்காந்திருந்தவங்கள்ல சாக்ரடீஸும் ஒருத்தர். மத்தவங்க மிரண்டு ஒத்துக்கிட்டாங்க, சட்டப்படி இல்லாத எதையும் நான் செய்ய மாட்டேன்னு அவர் மட்டும் சொன்னாரு. யூரிப்டோலெமஸ் விடாம, தனித்தனியா விசாரிங்கன்னு மாற்றுத் தீர்மானம் கொண்டு வந்தாரு, முதல் எண்ணிக்கைல அது ஜெயிச்சும் போச்சு, ஒரு ஆட்சேபம் வந்து திரும்ப எண்ணினப்போ தோத்துச்சு. 6 பேரையும் கொன்னுட்டாங்க. கொஞ்ச நாள்லயே ஊர் வருத்தப்பட்டு காலிக்ஸீனஸ் மேல நடவடிக்கை எடுத்துச்சு, ஆனா மைட்டிலினிக்கு அனுப்பின மாதிரி இதுக்குப் பின்னாடி ரெண்டாவது கப்பல் அனுப்ப முடியாதே.

அடுத்த வருஷம் ஈகோஸ்பொட்டாமிங்கற இடத்துல ஸ்பார்ட்டா தளபதி லைசாண்டர் கிட்டத்தட்ட மொத்தக் கடற்படையையும் பிடிச்சாரு, கி.மு. 404ல ஏதென்ஸ் சரணடைஞ்சுது, துறைமுகத்துக்குப் போற நீளச் சுவர்களைக் குழல் இசையோட இடிச்சாங்க, ஜனநாயகம் போய் 30 பேர் ஆட்சி வந்து ஆளுங்களைக் கொன்னு சொத்தைப் பிடுங்குச்சு. இதுக்கெல்லாம் தளபதிங்களைக் கொன்னதுதான் காரணம்னு சில பேர் கோடு போடுவாங்க, அவ்வளவு நேரா எனக்குத் தெரியல, பாரசீகத் தங்கம் ஸ்பார்ட்டாவுக்குக் கப்பல் கட்டிக் குடுத்துக்கிட்டே இருந்துச்சு.

கி.மு. 403ல ஜனநாயகத்தை மீட்டுக்கிட்டு வந்தது துறைமுகத்து ஆளுங்க, பைரியஸ்ல இருந்து. தலைமை த்ராசிபுலஸ், புயல்ல ஆளுங்களை மீட்கப் போக முடியாமப் போன அதே த்ராசிபுலஸ். கூட வந்தவங்கள்ல குடியேறினவங்க இருந்தாங்க, வெளிப்படையா அடிமையா இருந்தவங்களும் இருந்தாங்க. பைரியஸ்ல இருந்து எங்களோட வந்த எல்லாருக்கும் குடியுரிமைன்னு அவர் தீர்மானம் கொண்டு வந்தாரு. ஆர்கினஸ்னு ஒருத்தர், அவரும் இதே ஜனநாயகப் பக்கத்து ஆள்தான், அது சட்ட விரோதம்னு கேஸ் போட்டாரு. 406ல கத்திக் கத்தி அமுக்கின அதே வழிமுறை. இந்தத் தடவை யாரும் கத்தல, வழிமுறை ஒழுங்கா வேலை செஞ்சுது, தீர்மானம் ரத்தாச்சு. பேச்சு எழுதித் தர்றதுல பேர் வாங்கின லிசியாஸ், அண்ணனை அந்த 30 பேர் ஆட்சிக்குப் பறிகொடுத்தவர், கேடயமும் கூலிப்படையும் திரட்டிக் குடுத்து மீட்புக்கு உதவினவர், அவருக்கும் இதுல குடியுரிமை போச்சு. அதுக்கப்புறம் வருஷக்கணக்கா குடிமக்கள் நீதிமன்றத்துல பேசறதுக்குப் பேச்சு எழுதிக் குடுத்துக்கிட்டு, ஓட்டு இல்லாத ஆளாவே அந்த ஊர்ல வாழ்ந்தாரு. அவராவது பேரோட இருக்காரு, அவர்கூட பைரியஸ்ல நின்ன அடிமைங்க என்ன ஆனாங்கன்னு எழுதி வைக்கணும்னு யாருக்கும் தோணல.